வீட்டுக் கதவும் அதன் பூட்டும்

(தோட்ட மக்களிடையே ஆற்றப்பட்ட உரை)

 

கதவைப் பற்றியும் தாழ்ப்பாளைப் பற்றியும் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சம்பளத்தைப் பற்றியோ பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ பேசினால் ஆகாதா என்றும் கேட்கலாம். அவற்றைப் பற்றியும் பேச வேண்டியதுதான். ஆயினும், நாள்தோறும் நம் கை படுகின்ற இந்தப் பொருளை நாம் ஒரு முறையேனும் நின்று கவனித்ததுண்டா? பிரட்டுக்குப் புறப்படும்போது இழுத்துப் பூட்டுகிறோம். வேலை முடிந்து வந்ததும் திறக்கிறோம். கதவு இறங்கித் தரையில் உராயத் தொடங்கினாலோ, சாவி தொலைந்து போனாலோதான் அதன் நினைவே நமக்கு வருகிறது.

கதவுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வேண்டாதவரை உள்ளே விடாதிருப்பது ஒன்று. உள்ளே இருப்பவரை, அவர் விரும்பிய கணத்தில், வெளியே விடுவது மற்றொன்று. திருட்டுக்கு அஞ்சி முதற்கடமையை நாம் மேன்மேலும் வலுப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறோம். பூட்டின் மேல் பூட்டு, அதற்கு வெளியே இரும்புக் கிரில், சன்னலுக்குக் கம்பி என்று வீடு கோட்டையாகிவிட்டது. இரண்டாவது கடமையோ பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. உயிர் போகும் ஆபத்து இருப்பது அந்த இரண்டாவதில்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

பால் வெட்டும் தொழில் விடியுமுன் தொடங்குவது. கணவனும் மனைவியும் இருவருமே வெட்டுக்குப் போகின்ற வீடுகளில், பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தி, வெளியே கொண்டியை மாட்டி, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும், அந்நியர் எவரும் நுழைந்துவிடக்கூடாது என்பதே தாயின் எண்ணம். அந்த எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் உள்ளே சாமி மாடத்தில் விளக்கு எரிகிறது. கட்டிலின் கீழே கொசுவர்த்திச் சுருள் புகைகிறது. கைப்பேசி மின்னூட்டத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. பழைய லயங்களில் சுவர் பலகையாலானது. ஒரு வீட்டின் கூரையும் அடுத்த வீட்டின் கூரையும் ஒன்றே. நெருப்புப் பிடித்தால் முதலில் மனிதனை வீழ்த்துவது சுவாலையன்று, புகை. சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில் சாவி எங்கே இருக்கிறது? ஒரு மைலுக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு நடுவே, தாயின் இடுப்பில்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் சமயப் பள்ளி விடுதியொன்று தீப்பற்றி எரிந்ததை நீங்கள் அறிவீர்கள். அதில் 23 பேர் மாண்டனர். அவர்களுள் 21 பேர் மாணவர்கள். வெளியேறும் வழியைத் தீ மறித்துக்கொண்டது. சன்னல்களிலோ இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகளும் பாதுகாப்புக்கென்று பொருத்தப்பட்டவையே.

எனவே, வீட்டுக்குள் ஓர் உயிர் இருக்கும்போது வெளிப்புறம் பூட்டிச் செல்வதை அறவே விட்டுவிட வேண்டும். சிறு பிள்ளைகளைத் தகுந்த கண்காணிப்பு இல்லாமல் விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி குற்றம் என்பதனையும் நினைவில் கொள்ளுங்கள். ஆயாக் கொட்டகை திறக்கும் நேரம் பிரட்டு நேரத்தோடு பொருந்தவில்லை என்றால், அதனை நிருவாகத்திடம் எடுத்துச் சொல்வது உங்கள் உரிமை. அண்டை வீட்டுப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது இன்னும் எளிது. இப்படிச் சொன்னபோது ஒரு தோட்டத்தில் ஒரு தாயார், "பாட்டிக்கே காது கேட்காதே ஐயா" என்றார். கேட்காவிட்டால் என்ன, கதவைத் திறக்கப் பாட்டிக்குக் கை இருக்கிறது அல்லவா?

சரி, பெரியவர் ஒருவர் உள்ளே இருக்கிறார். வெளியிலிருந்து எவரும் திறக்கவும் கூடாது. அதற்கு வழி என்ன? வெளிப்புறம் சாவியாலும் உட்புறம் விரலால் திருகும் குமிழாலும் இயங்கும் பூட்டுத்தான் வழி. கடையில் பூட்டு வாங்கும்போது இதனைக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் சாவித்துளை உள்ள பூட்டும் விற்கிறது. கண்ணாடிக் கதவுக்கு அதுவே பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆயினும், குடும்பம் உறங்கும் வீட்டுக்கு அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம். இருட்டிலும் புகையிலும் சாவியைத் தேடிச் சாவித்துளையையும் தேடுவது எளிதன்று.

இரும்புக் கிரிலை உட்புறத்தில் பூட்டி உறங்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. அந்தப் பூட்டின் சாவி இரவில் எப்போதும் ஒரே இடத்தில், ஓர் ஆணியில் தொங்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஆனால் கிரில் வழியாகவோ சன்னல் வழியாகவோ வெளியிலிருந்து கை நீட்டி எடுக்கக்கூடிய தொலைவில் இருக்கக்கூடாது. தலையணைக்கு அடியில் வைப்பது கூடாது; வைத்தவருக்கு மட்டுமே அந்த இடம் தெரியும். சன்னல் கம்பிகளில், படுக்கையறைக்கு ஒன்றேனும், கீல் வைத்து உள்ளிருந்து திறக்கக்கூடியதாக அமைய வேண்டும். பின்கதவையும் மறந்துவிடாதீர்கள். விறகும் சைக்கிளும் காலி எரிவாயுத் தோம்பும் சாத்தி வைத்த பின்கதவு, இல்லாத கதவுக்குச் சமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தாமே கதவைத் திறந்து வெளியே வரச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எந்தத் தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். தீயணைப்புப் படையை அழைக்க 999 என்ற எண்ணையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இனித் திருடனைப் பற்றிப் பேசுவோம்.

தோட்டந்தோறும் நாம் காணும் ஒரு காட்சி உண்டு. உள்ளங்கை அகலப் பூட்டு, பார்த்தாலே கனம் தெரியும்; கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. அது தொங்குவதோ மெல்லிய தகட்டுக் கொண்டியில். அந்தக் கொண்டியை நிலையோடு பிணைத்திருப்பவை அரை அங்குலத் திருகாணிகள் நான்கு. அவற்றுள்ளும் ஒன்று இல்லை. இப்படிப்பட்ட கதவை உடைப்பவன் பூட்டைத் தொடுவதே இல்லை. ஒரு கடப்பாரை முனையால் நெம்பினால் கொண்டி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பூட்டு பூட்டியபடியே அதில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் பத்து வெள்ளி கூடுதலாகச் செலவிட மனம் இருந்தால், அதனைப் பூட்டில் செலவிடாமல் கொண்டியிலும் திருகாணியிலும் செலவிடுங்கள் என்பதே நமது கருத்து.

நல்ல கொண்டி எப்படி இருக்கும்? அதன் தகடு தடித்ததாக இருக்கும். மடித்து மாட்டியபின் திருகாணித் தலைகள் அனைத்தும் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும். திருகாணித் தலை வெளியே தெரிந்தால் திருப்புளி வைத்திருக்கும் எவனும் சத்தமின்றிக் கழற்றிவிடலாம். பலகைக் கதவாயின் திருகாணியைக் காட்டிலும், மறுபுறம் வரை ஊடுருவிச் செல்லும் போல்ட்டே சிறந்தது. உட்புறத்தில் ஒரு வட்டத் தகடு வைத்து நட்டை முடுக்கிவிட்டால், கதவே பிளந்தாலொழிய அது வராது. நிலைக்காலில் பொருத்தும் நாதாங்கிக்கு நீண்ட திருகாணி வேண்டும்; குறைந்தது இரண்டு அங்குலம், மூன்று அங்குலமானால் இன்னும் நல்லது. போடுவதற்கு முன் மழைச்சாரல் படும் நிலைக்காலின் அடியை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று இறங்கினால் கரையான் முன்பே குடியேறிவிட்டது என்று பொருள். உளுத்த மரத்தில் எந்தத் திருகாணியும் நிற்காது. நிலையை மாற்றுவதே வழி.

கதவு வெளிப்புறமாகத் திறக்கும் வீடுகளில் கீல்களும் வெளிப்புறமே இருக்கும். கீலின் நடு ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால், பூட்டிய பக்கம் பூட்டியிருக்கவே, கீல் பக்கமாகக் கதவைப் பெயர்த்துவிடலாம். ஊசியின் தலையை இரு முனையிலும் அடித்துப் பரப்பிவிடுவதோ, ஊசி கழலாத கீலாகப் பார்த்து வாங்குவதோ செய்ய வேண்டும். கனமான கதவுக்கு நான்கு அங்குலக் கீல் மூன்று தேவை. இரண்டு கீலில் தொங்கும் கதவு நாளடைவில் இறங்கும். இறங்கிய கதவின் தாழ்ப்பாள் அதன் துளையில் சேராது. சேராத தாழ்ப்பாளை நாம் என்ன செய்கிறோம்? போடாமலே விட்டுவிடுகிறோம்.

புதிய வீடுகளில் கைப்பிடியோடு சேர்ந்த குமிழ்ப் பூட்டுகளைப் பொருத்துகிறார்கள். குமிழின் நடுவில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். வசதிதான். ஆனால் அதன் நாக்கு ஒரு புறம் சரிவாகச் செதுக்கப்பட்டு, பின்னால் ஒரு சுருள்வில்லால் தள்ளப்பட்டு நிற்பது. கதவு சாத்தும்போது தானே உள்வாங்கிக்கொள்ளும் அந்த நாக்கு, மெல்லிய தகட்டைச் செருகித் தள்ளினாலும் உள்வாங்கிக்கொள்ளும். அறைக் கதவுக்கு அது போதும். வாசற் கதவுக்கு, சாவியைத் திருப்பினாலன்றி அசையாத சதுர நாக்குள்ள மற்றொரு பூட்டும் வேண்டும். அந்த நாக்கு நிலைக்குள் ஓர் அங்குலமாவது நுழைய வேண்டும். மற்றொன்று: சாவியை உள்ளே வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திச் சாத்திய குமிழ்ப் பூட்டால், விடிகாலையில் வாசலில் நின்றவர்கள் இக்கூட்டத்திலேயே சிலர் இருக்கிறீர்கள் என்பது உங்கள் சிரிப்பிலிருந்து தெரிகிறது.

வாங்கப் போகுமுன் கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரணக் குமிழ்ப் பூட்டு 35 முதல் 45 மில்லிமீட்டர் கனமுள்ள கதவுக்கென்று செய்யப்படுவது. பழைய லயங்களின் பலகைக் கதவு அவ்வளவு கனம் இராது. அதில் பொருத்தினால் குமிழ் ஆடிக்கொண்டே இருக்கும். அத்தகைய கதவுக்கு, உட்புற முகத்தின் மேலேயே திருகிப் பொருத்துகின்ற பெட்டிப் பூட்டு ஏற்றது. கதவைக் குடைய வேண்டியதில்லை. உள்ளே குமிழ், வெளியே சாவி. நாம் மேலே சொன்ன இரண்டு கடமைகளையும் அது செய்கிறது. பழைய பூட்டுக்குப் பதிலாக வாங்குகிறீர்கள் என்றால், கதவின் ஓரத்திலிருந்து துளையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். 60 மில்லிமீட்டரும் 70 மில்லிமீட்டரும் வழக்கில் உள்ளன. மாற்றி வாங்கிவிட்டால் பழைய துளை உதவாது.

சாவி எப்படிப் பூட்டைத் திறக்கிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இன்று நம் கையில் இருக்கும் பற்கள் கொண்ட தட்டைச் சாவி, 1860களில் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் உரிமம் பெற்ற பூட்டின் வழி வந்தது. பூட்டினுள் ஒரு சிறு உருளை உண்டு. அதற்குக் குறுக்கே ஐந்தோ ஆறோ ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டாக இருக்கும். மேலே ஒரு சிறு சுருள்வில் அதனை அழுத்திக்கொண்டிருக்கும். சாவி இல்லாத வேளையில் ஊசிகள் உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. உரிய சாவியை நுழைத்ததும் அதன் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் உரிய உயரத்திற்குத் தூக்குகின்றன. அப்போது துண்டுகளுக்கு இடையேயுள்ள பிளவுகள் யாவும் ஒரே கோட்டில் வந்துவிட, உருளை சுழலுகிறது. மயிரிழை அளவு ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது. தேய்ந்த சாவி முரண்டு பிடிப்பதன் காரணம் இதுவே. நகல் சாவி வெட்டும்போதும் முதற்சாவியைக் கொண்டே வெட்டச் சொல்லுங்கள். நகலைப் பார்த்து நகல் வெட்டினால் பிழை கூடிக்கொண்டே போகும்.

நம் முன்னோர் பலர் கடல் கடந்து வந்த தமிழகத்தில், திண்டுக்கல் என்னும் ஊர் கையால் செய்த பூட்டுக்குப் பெயர் பெற்றது; 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. தாத்தாவின் தகரப் பெட்டியில் அத்தகைய பூட்டு ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். வாசலுக்கு மாட்ட வேண்டாம், வைத்திருங்கள்.

தோட்டத்துப் பூட்டுகளுக்குப் பட்டணத்துப் பூட்டுகளுக்கு இல்லாத பகைகள் சில உண்டு. மழையும் ஈரமும் எங்கும் உள்ளவை. நமக்கோ, பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவும், உறைய வைக்கச் சேர்க்கும் பார்மிக் அமிலமும் கூடுதலாக இருக்கின்றன. பித்தளை துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறோம். ஈர இரும்பின் துரு அதற்கு வராது என்பது உண்மையே. ஆனால் அமோனியா ஆவி படும் இடத்தில், இழுவிசை தாங்கி நிற்கும் பித்தளை நாளடைவில் வெடிப்பு விடும். அமில ஆவியோ இரும்பை விரைந்து அரிக்கும். ஆகவே பால் கொட்டகைக்கும் மருந்து வைக்கும் அறைக்கும் துருவேறா எஃகுக் கொண்டியும் பூட்டும் போடுவது நல்லது. வீட்டுக்குப் பித்தளை உடலும், கடினப்படுத்தப்பட்ட எஃகு வளையமும் கொண்ட பூட்டுப் போதுமானது. வளையம் நீண்டிருந்தால் அதனுள் கம்பியை விட்டு நெம்ப இடம் கிடைக்கும். குட்டை வளையமாகப் பார்த்து எடுங்கள். வேலை முடிந்து வந்து, அமிலம் பட்ட கையோடு பூட்டைத் தொடாமல், கை கழுவிவிட்டுத் திறந்தால் பூட்டுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் விடுகிறார்கள். முதல் நாள் வழுக்கும். பிறகு அது பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொண்டு ஊசிகளை ஒட்டவைத்துவிடும். பென்சிலின் கரியைச் சாவியின் இருபுறமும் நன்றாகத் தேய்த்து, சில முறை நுழைத்து எடுங்கள். கீலுக்கு மட்டும் எண்ணெய் விடலாம்.

மருந்து அறை என்றோம். களைக்கொல்லியையும் அமிலத்தையும் வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. பானப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்ட மருந்தைப் பிள்ளைகள் குடித்துவிடும் கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது. பாராகுவாட் என்னும் கடும் நஞ்சு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி எதுவும் எந்த மூலையிலாவது கிடந்தால் நிருவாகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். மற்ற மருந்துகளும் பூட்டிய அறையிலேயே இருக்க வேண்டும். அந்த அறையின் சாவி பொறுப்பானவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். கதவின் மேற்சட்டத்தில் அன்று. அந்த இடம் ஊருக்கே தெரியும்.

முதியோர் உள்ள வீடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆண்டாண்டாக உளிக்கத்தி பிடித்த விரல்கள் முதுமையில் மடங்க மறுக்கும். உருண்டைக் குமிழைப் பற்றித் திருக அவர்களால் இயலாது; கீழே அழுத்தினால் திறக்கும் நீள் கைப்பிடியை முழங்கையாலும் திறக்கலாம். குளியலறைக்குள் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தவரை மீட்கக் கதவை உடைக்க நேரும். வெளிப்புறத்தில் காசு ஒன்றால் திருப்பித் திறக்கும் பிளவுள்ள பூட்டுகள் குளியலறைக்கென்றே விற்கின்றன, விலையும் அதிகமன்று.

இவற்றையெல்லாம் நாங்களே செலவு செய்து போட வேண்டுமா, வீடு தோட்டத்தினுடையது அல்லவா என்பது நியாயமான கேள்வி. தோட்ட வீடுகளின் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் சட்டம் என்று அறியப்படுவது, முதலாளி கட்டடங்களை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. உளுத்த நிலைக்கால், தொங்கும் கதவு, இற்றுப்போன கீல் ஆகியவை பழுதுபார்க்க வேண்டியவை. வாயால் சொல்லிவிட்டு வராமல், வீட்டு எண்ணையும் தேதியையும் பழுதையும் எழுதிக் கிராணியாரிடம் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தொழிற்சங்கக் கிளையிடமோ தொழிலாளர் இலாகாவிடமோ அந்தப் படியைக் காட்டலாம். நிருவாகத்தின் அனுமதியின்றிக் கட்டட அமைப்பை மாற்றுவதை அதே சட்டம் ஏற்பதில்லை. ஆகையால் சுவரை இடித்துக் கிரில் வைப்பது போன்ற வேலைகளுக்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டை மாற்றினாலும் அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது.

சாவிகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். மலிவான பூட்டுகளின் சாவியில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சாவியிலிருந்து அராவி அழித்துவிடுங்கள். எண் தெரிந்தவன் சாவி வெட்டிக்கொள்ள முடியும். மாற்றுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் செருப்புக்குள்ளும் வைக்காமல், நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். வேறொருவர் குடியிருந்து காலி செய்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் வாரத்திலேயே உருளையை மாற்றிவிட வேண்டும். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல இயலாது. பல பூட்டுகளுக்கு உருளை தனியாகவே கிடைக்கும், அவற்றில் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அப்படியே நீங்கள் வீடு மாறும்போதும் சாவிகள் அனைத்தையும், பிள்ளையின் பள்ளிப் பையில் கிடக்கும் ஒன்றையும் சேர்த்து, எண்ணிப் பார்த்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.